விரட்டிப் பார்ப்பதா பறவை பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ஆற்றுப் படகுப் பயணக் கட்டுரையில், வாத்துக் கூட்டத்தைக் கண்டால் படகை விரைவாக அதை நோக்கிச் செலுத்த வேண்டும் என்றும், அவை ஒருசேர எழும்பும் காட்சியைப் படமெடுக்கத் தவறக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. கட்டுரையாளர் ஆர்வ மிகுதியால் எழுதியிருக்கலாம். அது தங்கள் கண்ணுக்கும் தப்பி அச்சேறியதுதான் என்னை மிகவும் வருத்தியது.

நீர்ப்பறவை அச்சமின்றி அப்படி எழும்புவதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. வலசை வந்த ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் திரும்பிச் செல்லும் நெடும்பயணத்துக்கான கொழுப்பை மேய்ந்துதான் சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் மேய்ச்சல் நேரமும் சேர்த்த கொழுப்பும் ஒருங்கே வீணாகின்றன. வாத்து இனங்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை பறக்கும் இறகுகளையெல்லாம் ஒரேயடியாக உதிர்த்துவிட்டு, 3, 4 வாரங்கள் பறக்க இயலாமல் நாணலுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். அந்த நாட்களில் படகு நெருங்கினால் எழுந்து தப்பவும் அவற்றுக்கு வழியில்லை.

இருபது ஆண்டுகளாகத் துடுப்புப் படகில் சென்று பறவை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முக்குளிப்பான் என்னும் சிறு நீர்ப்பறவை நீர்ச்செடிகளைக் கொண்டு மிதக்கும் கூடு கட்டும். கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளைச் செடியால் மூடிவிட்டுத்தான் போகும். ஒருநாள் கோரையோரம் அப்படியொரு கூட்டைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மோட்டார் படகு ஒன்று கரையை ஒட்டிச் சீறிச் சென்றது. மூடுவதற்கு நேரமின்றித் தாய்ப்பறவை நீரில் பாய்ந்தது. பின்னால் வந்த அலையில் கூடு சாய்ந்து, இரண்டு முட்டைகள் என் கண்ணெதிரே நீருக்குள் உருண்டன. படகில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் கையிலும் கேமரா இருந்தது.

இந்த வருத்தம் இன்று தொடங்கியதன்று. முன்பொரு முறை, மணல்திட்டில் கிடந்த, ஆலா என்னும் நீர்ப்பறவையின் குஞ்சை மிக அருகில் எடுத்த படம் தங்கள் அட்டையில் வந்தது. வெயிலில் தாய் நிழல் தராவிட்டால் முட்டையும் குஞ்சும் சிறிது நேரத்தில் கருகிவிடும் என்றும், அந்தப் படத்துக்காகத் தாய்ப்பறவை எவ்வளவு நேரம் விலகி நின்றிருக்கும் என்றும் எழுதினேன். பிறகு, சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்த பாம்புத்தாராவின் படத்துக்குக் கீழே நீர்க்காகம் என்று அச்சிட்டிருந்தபோதும் எழுதினேன். நீளமான கழுத்தையும் ஈட்டி போன்ற அலகையும் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடுமே. இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. பக்க நெருக்கடி இருந்திருக்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

படகிலிருந்து பறவை பார்ப்பதைப் போன்ற இன்பம் வேறில்லை என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். துடுப்பை நிறுத்திவிட்டு, எழுந்து நிற்காமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு நீரோட்டத்தோடு மிதந்து சென்றால், தாழ்ந்த கிளையில் அமர்ந்த மீன்கொத்தி நம்மைப் பொருட்படுத்தாமல் நீரில் பாய்ந்து மீனோடு திரும்புவதைக் காணலாம். மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் தலையைத் தூக்கி மெல்ல விலகி நீந்தத் தொடங்கினால், நாம் வேண்டிய அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அங்கிருந்து படகை விலக்கிக்கொள்ள வேண்டும். அவை பறந்து போகும் வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்த இதழில், அந்த அறிவுரையைப் பின்பற்ற வேண்டாம் என்று ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பக்கத்தின் ஓரத்தில் இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்