பனங்கிழங்கு இரண்டு கட்டு

பாளையங்கோட்டை,
தை 9

அன்புள்ள சரோ,

இங்கே நலம். அங்கே உன் மகன், மருமகள், அந்த வாலு எல்லாரும் நலம்தானே? பொங்கலன்று போனில் சரியாகப் பேசவில்லை என்று கோபமாக இருப்பாய். கூடத்தில் அத்தானுடைய தங்கை குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. நீ பாட்டுக்கு, "ஏட்டி, நாலு நாளாச்சு, ராத்திரி மாத்திரை போட்டாத்தான் காலையில் வண்டி கிளம்புது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாய். நான் "ஆமா, இங்கேயும் மழை இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். போனில் சொன்னால் பாதியில் உன் சீரியல் வந்துவிடும்.

ஐப்பசியில் எனக்கு ஒன்று நடந்தது. உன்னிடம்கூடச் சொல்லவில்லை, திட்டாதே. ஒருநாள் காலை கழிப்பறையில் சிவப்பாகத் தெரிந்தது. முந்தின நாள் பீட்ரூட் பொரியல் வைத்திருந்தேன், அதுதான் என்று தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். மறுநாளும் சிவப்பு. சரி, மிச்சப் பொரியலைச் சாப்பிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பீட்ரூட் இல்லை, சிவப்பு இருந்தது.

இரண்டு வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போடுவேன். இரட்டை வடம் மகளுக்கு, வளையல் மருமகளுக்கு, அத்தானுக்குப் பென்ஷன் கணக்குப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று யார் சொல்லுவார்? நம் பள்ளிக்கூடத்து ஒண்ணேகால் சார் மாதிரி எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகலாமா என்றுகூட யோசித்தேன். அந்தச் சீட்டுதான் மகள் கையில் மாட்டியது. அவள் அழுத அழுகையில் மறுநாளே ஆஸ்பத்திரி.

டாக்டர் சின்னப் பெண். நம்மிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளையாக இருக்கும். "எத்தனை நாளைக்கு ஒருமுறை வெளிக்குப் போவீங்க?" என்றாள். மூன்று, சமயத்தில் நான்கு என்றேன். "எவ்வளவு காலமா?" "முப்பது." "முப்பது நாளா?" "இல்லம்மா, முப்பது வருஷமா." பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் கேட்கக் கேட்கத்தான் சரோ, நாம் வேலை பார்த்த அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு ஞாபகம் வந்தது. ஏழு பத்து பஸ்ஸைப் பிடிக்க அரை டம்ளர் காபியோடு ஓடுவோம். அப்புறம் சாயங்காலம் வீடு வந்து சேரும்வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. ஆண்கள் மதிலுக்குப் பின்னால் போய்விடுவார்கள். நமக்கு? வெயில் காலத்தில் சாக்பீஸ் தூசியோடு தொண்டை வறண்டு நிற்போம், பிள்ளைகள் பானையில் மொண்டு மொண்டு குடிக்கும். பச்சைக்குடை வீட்டுக்குக் கழிப்பறை தேடி நாம் அவசரமாகப் போன அந்த ஒரு தடவையைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறோம். சிரிக்கிற காரியமா அது? பதினோரு வருஷம். பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதானாம். உள்ளே தங்கத் தங்க இறுகிக்கொண்டே போகுமாம். வருகிறபோதெல்லாம் அடக்கினால், வருகிறது என்கிற உணர்ச்சியே நாளாக ஆக மந்தமாகிவிடுமாம். டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு அந்த ஹெட்மாஸ்டர் மேல்கூடக் கோபம் வரவில்லை. ஒரு கழிப்பறை கட்டிக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டோமே, அதை நினைத்துத்தான் அழுகை வந்தது. எட்டாம் வகுப்புக்கு வட்டத்தின் பரப்பளவை அத்தனை தைரியமாகச் சொல்லிக்கொடுத்தேன், எனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியவில்லை.

போகட்டும். உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். அது ஒன்றுமே தெரியவில்லை, மயக்கத்தில் இருந்தேன். முந்தின நாள் லிட்டர் கணக்கில் ஒரு உப்புத் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்களே, அதுதான் கொடுமை. அன்று ராத்திரி நான் முப்பது வருஷத்துப் பாக்கியையும் தீர்த்தேன். கடைசியில் உள்மூலம்தான், வேறொன்றும் இல்லை. அத்தான் வெளியே வந்து பிள்ளையார் கோவில் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஜலதோஷமாம்.

மருந்தைவிட நார்ச்சத்துதான் முக்கியம் என்றாள் டாக்டர். ஒரு நாளைக்கு 30 கிராம் போல, தண்ணீரும் கூடவே. சரி, கணக்கு டீச்சரிடமா சொல்கிறாய் என்று நோட்டை எடுத்தேன். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் ஒரு உணவுப் பட்டியல் போட்டிருக்கிறது, மகள் அதை இறக்கிக் கொடுத்தாள். நாம் தின்கிற தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகில் 11. முழுக் கொண்டைக்கடலையில் 25. கொய்யாப்பழத்தில் எட்டரை. என்னுடைய இட்லி, சோறு, சாம்பார், தோசை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 14ஐத் தாண்டவில்லை. பாதிக்கும் கீழே. நம் வகுப்பில் என்றால் ஃபெயில்.

உடனே பாஸாக வேண்டும் என்கிற வெறியில் ஒரே நாளில் காலை கேழ்வரகுக் களி, பதினோரு மணிக்குக் கொய்யா, மத்தியானம் கொண்டைக்கடலைக் குழம்பு, சாயங்காலம் அதே கடலையில் சுண்டல். அன்று ராத்திரி பெரிய நாத்தனார் பேத்திக்கு நிச்சயதார்த்தம். வயிறு மத்தளமாகிவிட்டது. தட்டு மாற்றுகிற நேரத்தில், எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிஷத்தில்... அதற்குமேல் எழுத மாட்டேன். நாதஸ்வரக்காரர் நல்ல மனுஷன், சட்டென்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார். குடலில் இருக்கிற கிருமிகள் இந்த நாரைத் தின்றுதான் காற்றை விடுமாம். திடீரென்று விருந்து வைத்தால் இப்படித்தான் ஆடும், வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகணும் என்று டாக்டர் அப்புறம் சொன்னாள். முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

அறிவியல் டீச்சர், உனக்கு டெனிஸ் பர்க்கிட்டைத் தெரியுமா? அயர்லாந்துக்காரர், உகாண்டாவில் பல வருஷம் அறுவை சிகிச்சை டாக்டராக இருந்தவர். இங்கிலாந்தில் பலருக்கும் வருகிற குடல் நோய்கள் உகாண்டாவின் கிராமத்து ஜனங்களுக்கு அவ்வளவாக வருவதில்லையே என்று பார்த்து, அவர்கள் சாப்பாட்டில் இருக்கிற நார்தான் காரணம் என்று 1970களில் ஊர் ஊராகப் பேசியவர். மேடையில் மலத்தின் புகைப்படங்களைப் போட்டுக் காட்டுவாராம்! நீ இதை நம் ஆசிரியர் கூட்டத்தில் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

ஆனால் வாய்க்குப் பிடிக்காமல் எத்தனை நாள் தின்ன முடியும்? கோதுமைத் தவிட்டைத் தோசை மாவில் கலந்தேன். சாக்கைக் கடிக்கிற மாதிரி இருந்தது. அத்தான் தட்டைத் தள்ளிவைத்து, "நம்ம வீட்டில் மாடு எப்போ வந்தது?" என்றார். இசப்கோல் உமி வாங்கினேன், அதுவும் நார்தான். தண்ணீரில் கலக்கியதும் கொரியர்காரன் மணியடித்தான், போய்க் கையெழுத்துப் போட்டுத் திரும்பினால் டம்ளரில் பசை. நோட்டுக்கு அட்டை போட்டிருக்கலாம். இப்போது நீர்மோரில் பெருங்காயம், உப்புப் போட்டு, இசப்கோலைத் தூவி, கலக்கிய கையோடு குடித்துவிட்டு, மேலே ஒரு டம்ளர் தண்ணீர். நன்றாகவே இருக்கிறது. உனக்குத் தைராய்டு மாத்திரை இருக்கிறதே, அதோடு சேர்த்துக் குடித்துவிடாதே. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. கொய்யா எனக்கு உயிர், மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டு எத்தனை வேண்டுமானாலும் தின்பேன். இந்தப் பல்செட்டுக்குள் விதை போய் உட்கார்ந்துகொண்டு படுத்துகிற பாடுதான் தாங்கவில்லை.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது அம்மா கைச் சமையல்தான் சரோ. தொலி உளுந்து போட்டு உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். இட்லிக்குத்தான் தொலியைக் கழுவிக் கழுவிச் சாக்கடையில் விடுகிறோம், சோற்றில் அது அப்படியே இருக்கிறது. கூட்டாஞ்சோற்றில் அரிசியைப் பாதியாக்கி, கத்தரிக்காய், அவரைக்காய், வாழைக்காய், ஒரு கை முருங்கைக்கீரை எல்லாம் கூட்டினேன். அத்தான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அதில் என்ன குறைத்தேன், என்ன கூட்டினேன் என்று சொல்லவில்லை. களி இன்றுவரை எனக்கு இறங்காது, ஆனால் கேழ்வரகில் வெங்காயமும் கீரையும் போட்டு அடையாகத் தட்டினால் இறங்குகிறது.

இப்போது பனங்கிழங்கு காலம். முந்தாநாள் மார்க்கெட்டில் உடன்குடிப் பக்கத்து ஆச்சி ஒருத்தி மண் வாசனையோடு கட்டுக்கட்டாக வைத்திருந்தாள். தலையையும் வாலையும் நறுக்கி, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, ஆறினதும் தோலை உரித்து இரண்டாகப் பிளந்தால் நடுவில் குருத்து. அதை எடுத்துவிட்டு, ஓரத்து நாரைப் பிடித்து இழுத்தால் நீளமாக நூல் மாதிரி வரும். அதை இழுத்துக்கொண்டிருக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது, நாருக்காகத்தானே இந்தப் பாடு, அதை உரித்து எறிகிறேனே என்று. பயப்படாதே, எறிந்தது போகவும் கடிக்கக் கடிக்க நார்தான். எனக்குப் பல் இல்லாததால் துண்டாக்கி, பூண்டு, மிளகு, பச்சைமிளகாய், உப்போடு உரலில் இடித்து உருண்டை பிடிக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் உன் தூக்குச்சட்டியில் இருந்து நான் திருடின அதே உருண்டை. அன்று ஆறாம் பி-யின் மேல் பழி போட்டோம், பாவம்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறேன். சில வாரம் தினமும்கூட.

நீ செய்ய வேண்டியது இதுதான். அந்த ராத்திரி மாத்திரையை யாரைக் கேட்டுப் போடுகிறாய்? மருந்துக்கடைப் பையனையா? டப்பாவை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போய்க் காட்டு. ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, இந்தச் சோறு, உருண்டை எல்லாம் அப்புறம், முதலில் டாக்டர்தான். நீ போன தடவை வந்தபோது ஜாக்கெட் தொளதொள என்று இருந்ததே, தையல்காரன் கெடுத்துவிட்டான் என்றாய். நான் அன்றைக்கு நம்பினேன். பீட்ரூட் என்று நானும்தான் நம்பினேன். மருமகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடு, நான் ரயிலேறி வருகிறேன். இரண்டு பேருமாகப் போவோம், பச்சைக்குடை வீட்டுக்குப் போன மாதிரி.

வியாழக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் எதிர்வீட்டுப் பையன் தாம்பரம் வருகிறான், இரண்டு கட்டு கொடுத்துவிடுகிறேன். வந்த அன்றே வேகவைத்துவிடு. கட்டுக்கு 25 இருக்கும். குறைந்தால் என்னைக் கேட்காதே, அத்தானைக் கேள்.

உன்,
கோமு