ஜூலை 26 காலை வணக்கக் கூட்டம்: மேஜர் சரவணன் நினைவாக

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜூலை 26, கார்கில் வெற்றி தினம். அன்றைய காலை வணக்கக் கூட்டத்தில் மேஜர் மாரியப்பன் சரவணனை நினைவுகூர இருக்கிறோம். 1972 ஆகஸ்ட் 10 அன்று ராமேசுவரத்தில் பிறந்தவர். பிகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனில் அதிகாரியாக இருந்தவர். 1999 மே 29 அன்று கார்கில் மாவட்டத்தின் பட்டாலிக் பகுதியில் ஒரு முகட்டைப் பிடிக்கும் சண்டையில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 26. நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைவிட ஒன்பது வயதுதான் மூத்தவர்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் வீட்டில் சார்ட் தயாரிக்கிறார்கள். பசை ஒட்டும் முன் ஒருமுறை நீங்களும் பார்த்துக் கொடுங்கள். பெரும்பாலும் தவறு வருவது விருதின் பெயரில்தான். போர்க்கால வீரத்துக்கான விருதுகள் மூன்று: பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. மேஜர் சரவணனுக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது வீர் சக்ரா. பெரிய விருதாகப் போட்டால் மரியாதை கூடும் என்று நினைத்துப் பிள்ளைகள் 'பரம்வீர்' என்று எழுதிவிடுகிறார்கள். கார்கில் போரில் பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் நால்வர். அதில் இருவர் உயிரோடு திரும்பியவர்கள். அடுத்த தவறு படம். இணையத்தில் முதலில் கண்ணில் படும் சீருடைப் படம் வேறொரு அதிகாரியுடையதாக இருக்கலாம். மார்பில் உள்ள பெயர்ப்பட்டையைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாத படத்தை ஒட்ட வேண்டாம். இடத்தைக் காலியாக விட்டால் பள்ளியிலேயே படம் தருகிறோம்.

சார்ட்டில் ஒரு கணக்கும் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அந்தச் சண்டை நடந்தது 14,000 அடிக்கு மேல். தொட்டபெட்டா 2,637 மீட்டர். 14,000 அடியை மீட்டராக்கி இரண்டையும் ஒரே அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் வரைய வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவாகக் குறைந்துபோகும். துப்பாக்கியும் தோட்டாவும் தூக்கிக்கொண்டு, இருட்டில், மேலே பதுங்குகுழியில் இருப்பவர்களை நோக்கி ஏறுவது என்றால் என்ன என்பது இந்தப் படத்தை வரைந்து முடிக்கும்போது பிள்ளைக்குத் தானாக விளங்கும். எந்த வீரவசனமும் இதைச் சொல்லித் தராது.

கூட்டம் காலை 9 மணிக்கு, மைதானத்தில் அல்ல, மரநிழல் பக்கம். மொத்தம் 12 நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்து, வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பு, மலர் வைத்தல், இரண்டு நிமிட மௌனம், நாட்டுப்பண். ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு வகுப்பறையிலேயே ஒரு நிமிட மௌனம். இரண்டு நிமிடம் அந்த வயதுக்கு நீளம். மௌனத்தில் நிற்கும்போது மயங்கி விழும் பிள்ளைகள் பெரும்பாலும் சாப்பிடாமல் வந்தவர்கள், முழங்காலை விறைப்பாக வைத்து நின்றவர்கள். காலில் ரத்தம் தங்கி மூளைக்குப் போவது குறைவதால் வருவது அது. அன்று காலை கட்டாயம் சாப்பிட வைத்துத் தண்ணீரும் குடிக்க வைத்து அனுப்புங்கள். முழங்காலைச் சற்றே தளர்த்தி, கால்விரல்களை ஷூவுக்குள் அசைத்துக்கொண்டு நிற்க இங்கே பழக்குகிறோம். மௌனம் முடிந்ததற்கு அடையாளம் ஒரே ஒரு மணி. கைதட்டல் கிடையாது.

தேசியக்கொடி அன்று முழுக்கம்பத்தில்தான் பறக்கும். அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டாமா என்று சிலர் கேட்டீர்கள். அரசு அறிவிக்கும் நாட்களில் மட்டுமே அப்படிச் செய்ய வேண்டும் என்பது கொடி விதி. படத்துக்கு அடியில் மேசைவிரிப்பாகக் கொடியை விரிப்பதும் கூடாது, வெள்ளைத் துணி போதும். பிளாஸ்டிக் கொடி வாங்கி அனுப்ப வேண்டாம்.

போர்க்காட்சி நாடகம் இந்த ஆண்டு இல்லை. அதில் யாரோ ஒரு பிள்ளை எதிரியாக நடிக்க வேண்டியிருக்கிறது, பிறகு மாதக்கணக்கில் அந்தப் பெயரிலேயே கூப்பிடப்படுகிறது. பட்டாசு, வெடிச்சத்த ஒலிப்பதிவு எதுவும் இருக்காது. விருந்தினராக வரும் முன்னாள் படைவீரர்களில் சிலருக்குத் திடீர்ச் சத்தம் உண்மையிலேயே துன்பம் தரும். அவர்களிடம் "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்கக் கூடாது என்பதை வீட்டிலும் ஒருமுறை சொல்லி வையுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், கடிதம் எத்தனை நாளில் வந்து சேரும், குளிரில் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்கட்டும்.

மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த மலையிலேயே இருந்தது. ஜூலையில்தான் மீட்க முடிந்தது. இதை ஒன்பதாம் வகுப்புக்கு மேல் மட்டும் சொல்கிறோம். சின்னப் பிள்ளை வீட்டில் கேட்டால், "தூங்கிட்டாரு", "சாமிகிட்டப் போயிட்டாரு" என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம். அதைக் கேட்டுத் தூங்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு. "சண்டையில் அடிபட்டு இறந்துவிட்டார், இனி வரமாட்டார்" என்று நேராகச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி வந்தால் அதற்கு மட்டும் பதில் போதும்.

அப்பாவோ அம்மாவோ இப்போது படையில் இருக்கும் குடும்பங்கள் ஜூலை 22-க்குள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை கூட்டத்தில் நிற்க விரும்பாவிட்டால் நூலகத்தில் ஆசிரியை ஒருவர் உடன் இருப்பார், காரணம் கேட்கப்படாது. வாழ்க்கைக் குறிப்பை வாசிக்கும் பொறுப்பையும் அவர்களைக் கேட்காமல் அவர்கள் பிள்ளைக்குத் தரமாட்டோம்.

பிள்ளைகள் எழுதும் அஞ்சலட்டைகளை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒப்படைக்கிறோம். எந்தக் குடும்பத்தின் வீட்டு முகவரியையும் தேடி நேராக அனுப்ப வேண்டாம். அட்டையில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் மட்டும் இருந்தால் போதும், கைப்பேசி எண் வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்