உதகையில் ரோட்டரி எஞ்சினை டைனோவில் அளப்பது பற்றி: கோடைக் கார் சந்திப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கும், சோதனைக்காக டைனோவை (காரின் சக்கரங்களை ரோலர்மேல் சுழலவிட்டுத் திறனை அளக்கும் கருவியை) மலைமேல் ஏற்றிவரும் பட்டறை நண்பர்களுக்கும் வணக்கம்.

வரும் கோடையில் எஸ்டேட் சாலையில் நடத்தவிருக்கும் ஏற்ற ஓட்டத்துக்குக் கார்களை இனி சிசி கணக்கில் பிரிக்கப் போவதில்லை, டைனோவில் அளந்த குதிரைத்திறனை வைத்தே பிரிக்கப் போகிறோம் என்று தாங்கள் அறிவித்திருக்கிறீர்கள். குன்னூரில் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையிலும், பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சினோடு இந்த மலையில் ஓடும் ஒரு பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையிலும் இந்த முடிவை மனமார வரவேற்கிறேன். ஆனால் சென்ற ஆண்டு அளந்ததைப் போலவே இந்த ஆண்டும் அளந்தால், சிசி கணக்கில் இருந்த அநியாயம் போய் வேறோர் அநியாயம் வந்து சேரும். அதைத் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில், சிசி கணக்கு ஏன் தவறு என்பதை ரோட்டரி காரோடு வருகிற நானே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் காரில் இருக்கும் 12ஏ எஞ்சினின் கொள்ளளவு 1,146 சிசி. அதனால் அதை 1,089 சிசி பிரீமியர் பத்மினியோடு ஒரே பிரிவில் நிறுத்தினார்கள். முக்கோணம் போன்ற ரோட்டர், இடுப்பு சிறுத்த கூட்டுக்குள் ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் நடுவிலுள்ள எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (பிஸ்டன் எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட் போன்றது) மூன்று முறை சுற்றிவிடுகிறது. ரோட்டரின் மூன்று முகங்களும் தனித்தனியே காற்றை இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியேற்றுவதால், ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு முகம் எரிகிறது. ஆகவே 573 சிசி கொண்ட இரண்டு ரோட்டர்களும் சேர்ந்து ஒரே சுற்றில் 1,146 சிசி கலவையை விழுங்கிவிடுகின்றன. பத்மினியின் நான்கு சிலிண்டர்களுக்கோ தங்கள் 1,089 சிசியை விழுங்கி முடிக்க இரண்டு சுற்று வேண்டும். சுற்றுக்குச் சுற்று ஒப்பிட்டால் எங்கள் எஞ்சின் 2,292 சிசி பிஸ்டன் எஞ்சினுக்குச் சமம். ஜப்பானில் வரி போடும்போது ரோட்டரியின் கொள்ளளவை 1.5 மடங்காகக் கணக்கிடுகிறார்கள். பந்தய விதிகளில் இரண்டு மடங்கு வரை வைத்திருக்கிறார்கள். எந்தப் பெருக்கலை எடுத்தாலும் யாராவது ஒருவர் முகம் சுளிப்பார். திறனையே நேராக அளந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இந்த வரையில் தங்கள் முடிவு சரியானது.

இனி, சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். சந்திப்பின் முதல் நாள் எங்கள் காரை ரோலர் மேல் ஏற்றி அளந்தபோது கையில் தந்த தாளில் 60 குதிரைத்திறன் என்று இருந்தது. மறுநாள், சந்தேகத்தின் பேரில் இன்னொரு முறை அளக்கச் சொன்னார்கள். அன்றைய தாளில் 83 இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக எஞ்சினில் என்ன செய்தாய் என்று நான்கு பேர் கேட்டார்கள். பத்மினிக்காரர் என்னிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். நான் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. டைனோ இயக்கிய தம்பியிடம் இரண்டு நாள் கோப்புகளையும் திரையில் திறந்து காட்டும்படி கேட்டேன். திருத்தம் ஏதும் செய்யாத நிலையில், அதாவது ரோலரைச் சக்கரம் உண்மையில் சுழற்றிய கணக்கில், இரண்டு நாளும் 62தான். முதல் நாள் காற்றழுத்தம் என்ற கட்டத்தில் கைப்பேசிச் செயலியைப் பார்த்து 1,013 என்று தட்டியிருந்தார்கள். மறுநாள் டைனோவோடு வந்த காற்றழுத்தக் கருவியை இணைத்திருந்தார்கள்; அது 775 மில்லிபார் காட்டியது.

வானிலைச் செயலி சொல்லும் அழுத்தம் கடல்மட்டத்துக்குக் கணக்குப் பண்ணிச் சொல்வது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே உண்மையில் இருக்கும் அழுத்தம், கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிற ஊர் இது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்துப் பார்த்த எந்த உதகைவாசிக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் சுறுசுறுப்பாக இருந்த வண்டி லவ்டேல் தாண்டும்போது மூச்சு வாங்குவதும் இதே காரணத்தால்தான்.

டைனோ மென்பொருளில் இருக்கும் எஸ்ஏஇ ஜே1349 என்ற வாகனப் பொறியாளர் சங்கத் திருத்தம், அளந்த திறனை 25 டிகிரி வெப்பம், 990 மில்லிபார் உலர்காற்று என்ற பொது நிலைக்கு மாற்றிச் சொல்வது. உதகையின் 775 மில்லிபாரையும் 18 டிகிரி குளிரையும் அதில் போட்டால் பெருக்கல் எண் ஏறத்தாழ 1.33 வரும், 62 என்பது 83 ஆனது அப்படித்தான். முதல் நாள் தட்டிய 1,013 அந்தப் பொது நிலையைவிட அதிகம் என்பதால் அதே கணக்கு 62-ஐ 60 ஆகக் குறைத்தது. ஆனால் இந்தத் திருத்த முறைகள் ஓர் எல்லைக்குள் மட்டுமே நம்பத்தக்கவை. ஐஎஸ்ஓ 1585 என்ற சர்வதேச நெறியில் அந்த எல்லை 0.93 முதல் 1.07 வரை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு ஏழு வரை திருத்தலாம் என்று வகுத்த முறையை நாம் நூற்றுக்கு முப்பத்து மூன்று திருத்தப் பயன்படுத்தினால், வரும் எண்ணில் அளவீட்டைவிடக் கணக்கே அதிகம்.

எங்கள் கார் மாதிரி இயல்பாகக் காற்றை இழுக்கும் எஞ்சினுக்காவது இந்தப் பெருக்கல் ஓரளவு நியாயம் செய்கிறது. டர்போ பொருத்திய எஞ்சின் மெல்லிய காற்றைத் தானே அழுத்திக்கொண்டு, இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுவிடுகிறது. அதற்கும் அதே 1.33 பெருக்கலைப் போட்டால், இழக்காத திறனுக்கும் சேர்த்து அதன் தலையில் எண் ஏற்றுகிறோம். அந்தக் கார்க்காரர் தகாத பிரிவில் போய் நிற்பார். நான் டர்போ வைத்திருப்பவன் அல்லன். என் கார் ஒருவரை அநியாயமாக வெல்வதை நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் முதன்மையான வேண்டுகோள் இதுதான்: பிரிப்பதற்குத் திருத்தாத எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் நடப்பது கோவையிலோ சென்னையிலோ அல்ல. இதே மலையில், இதே காற்றில், எல்லாக் கார்களுக்கும் ஒரே நாளில். அந்த ஏற்றத்தில் எங்கள் காருக்கு இருக்கப்போவது 62தான். 83 எந்தச் சமவெளியிலோ இருக்கக்கூடியது. திருத்திய எண்ணையும் தர விரும்பினால் தாருங்கள். ஆனால் திருத்தாத எண், காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், எந்த முறைப்படி திருத்தியது, எந்த கியரில் ஓட்டியது ஆகியவை அதே தாளில் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினில் இருக்கும் என்று ஊகித்துக் கூட்டியதா என்பதும் வேண்டும். கியர்பாக்ஸிலும் பின் ஆக்ஸிலிலும் இழப்பு 15 சதவீதம் என்று எல்லா வண்டிக்கும் ஒரே கணக்காகக் கூட்டிப் போடும் வழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எண்ணைப் பெரிதாகச் சொல்லும் ஆசை பட்டறைகளோடு நிற்பதில்லை. மாஸ்டா நிறுவனமே ஆர்எக்ஸ்-8 காரை அமெரிக்காவில் 247 குதிரைத்திறன் என்று அறிவித்து, 2003-இல் அதை 238 என்று குறைத்துக்கொண்டு, வாங்கியவர்கள் விரும்பினால் காரைத் திரும்பத் தரலாம் என்று சொல்ல நேர்ந்தது. ஒன்பது குதிரைத்திறனுக்காக அவ்வளவு தூரம் போனார்கள். நம் தாள்களில் இருபத்து மூன்று வித்தியாசம் வந்தபோது ஒருவரும் அதைத் திரும்பப் பார்க்கவில்லை.

அடுத்து, ரோட்டரிக்கே உரிய ஒரு பிழை. எஞ்சின் வேகத்தைப் படிக்க ஸ்பார்க் பிளக் ஒயரில் ஒரு கிளாம்ப் மாட்டுகிறார்கள். பிஸ்டன் எஞ்சினில் ஒரு பிளக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பொறி தரும் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. எங்கள் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. அமைப்பை மாற்றாமல் மாட்டினால் 6,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்பது திரையில் 12,000 ஆகிவிடும். ரோலர் முடுக்கத்திலிருந்து திறனைக் கணக்கிடும் டைனோவில் குதிரைத்திறன் கெடாது. ஆனால் முறுக்குவிசை என்பது திறனை வேகத்தால் வகுத்து வருவது, அதனால் அது சரிபாதியாகிவிடும். சக்கரத்தில் 60 கிலோவாட் தரும் எஞ்சினுக்கு 6,000 ஆர்பிஎம்மில் ஏறத்தாழ 95 நியூட்டன் மீட்டர் வரவேண்டும். தாளில் 48 என்று வரும். ரோட்டரிக்குச் சத்தம்தான், இழுவை கிடையாது என்று பலர் நம்புவதற்கு இப்படிப்பட்ட தாள்களும் ஒரு காரணம். அதே காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கோத்தகிரி ஏற்றத்தில் நான் வந்திருக்கிறேன். சுற்றுக்கு ஒரு பொறி என்று அமைத்துவிட்டு, பொறிக்குப் பொறி மின்னும் டைமிங் லைட்டை வைத்து ஒருமுறை ஒத்துப் பார்த்தால் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலை.

இப்போது சொல்லப்போவது எண்ணைப் பற்றியது அல்ல, எஞ்சினின் உயிரைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் இதே காரைச் சமவெளியில் ஒரு பட்டறைக்கு டைனோ சோதனைக்காகக் கொண்டுபோனேன். மலைக்கென்று கார்புரேட்டரில் சிறிய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) போட்டிருந்தேன். காற்றின் அடர்த்தி 20 சதவீதம் குறைந்தால், கார்புரேட்டர் தரும் கலவையில் பெட்ரோல் ஏறத்தாழ 12 சதவீதம் கூடிவிடும். அதனால் இங்கே ஜெட்டைக் குறைத்தாக வேண்டும். கீழே இறங்கும்போது அதை மாற்றியிருக்க வேண்டியது நான். மாற்றாதது என் தவறு. ஆனால் பட்டறையில் கலவையைப் பார்க்க எக்ஸாஸ்டில் சென்சார் நுழைக்கவில்லை. முன்னால் வைத்தது வீட்டு மேசை விசிறியைவிடக் கொஞ்சம் பெரிய விசிறி. எண் இன்னும் இரண்டு கூடுமா என்று பார்க்க, ஆற விடாமல் அடுத்தடுத்து ஓட்டினார்கள். ஆறாவது ஓட்டத்தில் எக்ஸாஸ்ட் குழாயின் முதல் முழம் மங்கிய சிவப்பில் தெரிந்தது. 5,500-ஐத் தாண்டும்போது தகரத்தில் கூழாங்கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதோடு எஞ்சின் தடுமாறியது.

மறுநாள் முன் ரோட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றிக் கேட்டேன். நல்ல ரோட்டரில் மூன்று முகங்களின் மூச்சும் புஃப், புஃப், புஃப் என்று ஒரே சீராக வரும். அன்று ஒரு மூச்சு பலமாகவும், அடுத்த இரண்டும் காற்றுப் போன பலூன் மாதிரியும் வந்தன. ரோட்டரின் முனையில் காற்றுக் கசியாமல் அடைக்கும் அபெக்ஸ் சீல் ஒன்று உடைந்தால் அதன் இரு பக்கத்து அறைகளும் சேர்ந்து கசியும் என்பதால், பிரிப்பதற்கு முன்பே எது போயிற்று என்று தெரிந்துவிட்டது. பிரித்தபோது சீலின் மூலை முறிந்து, கூட்டின் உட்சுவரில் நகத்தால் கீறிய கோடு மாதிரி ஒரு தடம் இருந்தது. புது சீல் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் வரை அந்த எஞ்சின் என் பட்டறை மேசையில் துருப்பிடித்துக் கிடக்காமல், தினம் எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டேன்; குன்னூர் மழைக்காலத்தில் இரும்பு ஒரு வாரம் தாங்காது.

அதனால்தான் கேட்கிறேன். ரோட்டரியின் எக்ஸாஸ்ட் பிஸ்டன் எஞ்சினைவிடச் சூடானது. ரோட்டர்களைக் குளிர்விப்பதே எஞ்சின் ஆயில்தான். உதகைக் காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் மெல்லியதாக இருப்பதால், சூட்டை அள்ளிக்கொண்டு போகும் வலு அதற்குக் குறைவு. ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் நேராகக் காற்றடிக்கும் பெரிய விசிறி வேண்டும். ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் முன்பு ஆயில் சூடேறியிருக்க வேண்டும். முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் சில நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். ஒரு காருக்கு மூன்று ஓட்டம் போதும், அவற்றின் சராசரியை எடுங்கள். கலவை சென்சார் இல்லாமல் எந்த ரோட்டரியையும் முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்ட வேண்டாம்.

வரிசையில் நிற்கும் கார்களைக் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்தி அணைக்கச் சொல்வதும் வேண்டாம். ரோட்டரி பெட்ரோலில் நனைந்து மறுபடி கிளம்ப மறுக்கும். கையால் தள்ளிக்கொள்கிறோம். சைலன்சரில் லேசான நீலப் புகை தெரிந்தால் பழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள். சீல்களுக்கு வழவழப்புக் கொடுக்க ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பது அந்த எஞ்சினின் இயல்பு.

சந்திப்புக்கு முந்தைய நாள் காலை ஏழு மணிக்கே காரோடு வந்துவிட ஆயத்தமாக இருக்கிறேன். உதகையின் உண்மையான அழுத்தத்தைக் காட்டும் பாரோமீட்டர் ஒன்றும் டைமிங் லைட்டும் என்னிடம் உள்ளன. இரண்டையும் சோதனை முடியும் வரை குழுவின் பொறுப்பில் விட்டுவிடுகிறேன். பத்மினிக்காரரையும் அழைத்திருக்கிறேன், அவர் காரை முதலில் அளந்து, திருத்தாத எண்ணை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு எங்கள் காரை ஏற்றுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
குன்னூர்ப் பட்டறைக்காரன்