பெட்டிக்குள் பளிங்குச் சிலை

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சியிடம் சொல். இங்கே அனைவரும் நலம். எனக்குத்தான் முழங்கால் படுத்துகிறது, வெளியே போவது குறைந்துவிட்டது.

உட்கார்ந்த இடத்தில் ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. விக்டோரியா ராணி காலத்து ஸ்டீரியோ படங்கள். பேரன் நகல் அட்டைகளும் பிளாஸ்டிக் வியூவர் ஒன்றும் வாங்கித் தந்தான். இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளி அளவு தள்ளி எடுத்த இரண்டு படங்கள் ஒரே அட்டையில் அருகருகே இருக்கும். லென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒன்றாகிவிடும், முன்னும் பின்னும் தெரியும். வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1838இல் சொன்ன தத்துவம் இது. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் புரூஸ்டர் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானியின் லென்ஸ் பெட்டியை, அதாவது இந்த வியூவரின் மூதாதையை, ராணியே பார்த்து ரசித்தாராம். அப்புறம் கேட்க வேண்டுமா! 1854இல் இதற்கென்றே லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கி, வீட்டுக்கு வீடு ஸ்டீரியோஸ்கோப் (இந்தப் படம் பார்க்கும் பெட்டி) இருக்க வேண்டும் என்று விளம்பரம் செய்தார்கள்.

இதில் சிலைப் படங்கள் ஏராளம். காரணம் புரிகிறது. ஒரு படத்துக்குப் பல விநாடி வெளிச்சம் தேவைப்பட்ட காலம், மனிதன் அசைந்துவிடுவான், பளிங்கு அசையாது. ஹிராம் பவர்ஸ் என்ற அமெரிக்கச் சிற்பி செதுக்கிய ‘கிரேக்க அடிமை’யைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதே 1851 கண்காட்சியில் கூட்டம் கூடியது அவளைப் பார்க்கத்தான். ஆடையில்லாத பெண், இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே சங்கிலி. சாதாரணப் படத்தில் வெள்ளையோடு வெள்ளையாக அந்தச் சங்கிலி உடம்பில் ஒட்டிக் கிடக்கிறது. வியூவரில் அது உடம்பை விட்டு விலகித் தொங்குகிறது, இடையில் காற்று இருப்பது தெரிகிறது. நிர்வாணத்தைப் பேசவே கூசிய அந்தக் கனவான்கள் இதை மட்டும் குடும்பத்தோடு பார்த்தார்கள். பளிங்கு என்றால் பாவமில்லை போலிருக்கிறது!

1862இல் லண்டனில் நடந்த இன்னொரு கண்காட்சியில் ஜான் கிப்சன் என்ற சிற்பி தன் வீனஸ் சிலைக்கு மெழுகு கலந்து வண்ணம் பூசி வைத்தார். மேனியில் லேசான நிறம், நீலக் கண், பொன் கூந்தல். சிலைக்கு நிறமா என்று பெரிய சண்டை. இப்போது அது லிவர்பூலில் இருக்கிறது.

ஹோம்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1859இல் இந்த ஸ்டீரியோ படங்களைப் பற்றி, உருவம் கிடைத்துவிட்டால் பொருளே இனி அவ்வளவாகத் தேவையில்லை என்கிற அளவுக்கு எழுதினார். எனக்கு உடன்பாடில்லை. சிலையைச் சுற்றிவர முடியவில்லையே, நிறுத்தின இடத்தில்தானே நிற்கிறோம். ஆழம் கூடுதலாகத் தெரியட்டும் என்று இடைவெளியை அகட்டி எடுத்த படங்களில் ஆளுயரச் சிலை கொலு பொம்மையாகச் சுருங்கிவிடுகிறது.

நீ மதுரைக்காரன், இதையும் கேள். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858இல் உங்கள் ஊரையும் ஸ்டீரியோ படங்களாக எடுத்துத் தொகுப்பு வெளியிட்டிருக்கிறார். சென்னை மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்களையும் படம் பிடித்தவர் அவர்தான். மதுரைப் படங்களின் நகல் கிடைத்தால் ஒரு செட் உனக்கும் அனுப்புகிறேன். வியூவர் மட்டும் நீ வாங்கிக்கொள்.

அன்புடன்,
ராமு