பள்ளத்தில் தண்ணீரை நிறுத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பள்ளக்கரைச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பர்கூர் மலையிலிருந்து அந்தியூர்ப் பக்கம் இறங்குகிற ஓடையான நம் பள்ளத்தில், தை பிறந்த பிறகும் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்த்திகை முடிவதற்குள் மணல் வெளுத்துப்போவதைப் பார்த்தே பழகிய கண் இது. என் கிணற்றில் போன தையில் தெரிந்த படிகளில் எட்டுப் படி இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. நேரில் நன்றி சொல்லப் போனால் "அதெல்லாம் எதற்குங்க" என்று ஆளாளுக்குப் பேச்சை மாற்றுகிறீர்கள். ஆகவே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி, அமெரிக்காவின் கொலராடோவில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு. போன வருடம் ஊருக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து பீவர் என்கிற பிராணியைப் பற்றிச் சொன்னான். நம் மோயாற்றிலும் பவானியிலும் மீன் பிடிக்கிற நீர்நாய் வேறு. இது எலியைப் போன்ற கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. இதன் முன்பற்களில் இரும்புச் சத்து இருப்பதால் அவை செங்காவி நிறத்தில் இருக்குமாம். அந்தப் பல்லால் மரத்தைக் கடித்துச் சாய்த்து, கிளையும் கல்லும் சேறும் வைத்து மலையாற்றின் குறுக்கே அணை கட்டும். தண்ணீர் சலசலக்கும் ஓசை கேட்டாலே கட்டத் தோன்றிவிடுமாம். ஒலிபெருக்கியில் அந்த ஓசையை ஒலிக்கவிட்டால், தண்ணீரே ஓடாத இடத்திலும் கிளைகளைக் கொண்டுவந்து குவிக்கும் என்றான். எவ்வளவு சேறு பூசினாலும் அந்த அணை கசிந்துகொண்டேதான் இருக்கும்.

தொப்பி செய்வதற்காக இந்தப் பிராணியை வேட்டையாடித் தீர்த்த அமெரிக்கர்களே, 1948இல் ஐடஹோ மாநிலத்தில் 76 பீவர்களைப் பெட்டியில் அடைத்து விமானத்திலிருந்து பாராசூட்டில் மலைக்காட்டில் இறக்கினார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் பிழைத்தன. இதைக் கேட்டு என் மனைவி சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது.

எனக்கு உறைத்தது வேறொன்று. கொலராடோவின் ஈஸ்ட் ரிவர் என்ற மலையாற்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் அளந்துகொண்டிருந்த இடத்திலேயே ஒரு பீவர் வந்து அணை கட்டிவிட்டது. 2018 கடும் வறட்சி. 2019இல் பனி உருகி வெள்ளம். 2022இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: அந்த இரண்டு ஆண்டுகளின் வறட்சியிலும் வெள்ளத்திலும் கரைக்குள் தண்ணீர் புகுந்த வேகத்தைவிட, அந்த ஒற்றை அணை தள்ளிய வேகம் பத்து மடங்குக்கும் மேல். அப்படி மண்ணுக்குள் நுழையும் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட் என்ற தழைச்சத்து உப்பை நுண்ணுயிர்கள் தின்று காற்றாக்கிவிடுகின்றன. மஞ்சளுக்கும் கரும்புக்கும் மூட்டை மூட்டையாக யூரியா போடுகிற நமக்கு அந்தச் செய்தி முக்கியம்.

அங்கே பனி முன்பைவிடச் சீக்கிரம் உருகிவிடுவதால் கோடையில் ஆறு மெலிகிறது. இங்கே ஐப்பசி முழுக்கப் பெய்ய வேண்டியது இரண்டே இரவில் கொட்டிவிட்டு ஓடுகிறது. 2016இல் அதுவும் பொய்த்து, தென்னையை வெட்டி விற்றவர்கள் இந்தக் கரையில் எத்தனை பேர்!

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பீவரைப் போல நம் பள்ளத்திலும் கம்பும் விளாரும் வைத்துத் தடுப்புகள் கட்டலாம் என்று ஊரில் பேச்சு வந்தது. "எலி கட்டுகிற அணையெல்லாம் நமக்கு எதற்கு, கான்கிரீட் சுவர்தான் வேண்டும்" என்று கூட்டத்தில் அடம்பிடித்தவன் நான்தான். முன்பு ஒருவர் கட்டித் தந்த சுவரைத் தண்ணீர் பக்கவாட்டில் அரித்து, பள்ளம் சுவரை விட்டு விலகி ஓடியதைப் பார்த்த பிறகும் அந்த அடம். வடக்குத் தோட்டத்துப் பெரியப்பா எழுந்து, "காலிங்கராயர் பாம்பு போன தடத்தில் வாய்க்கால் வெட்டினார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். பாம்பிடம் கேட்கலாம், எலியிடம் கேட்கக்கூடாதா?" என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா, உங்களுக்கு நன்றி.

நொச்சிக் கம்புகளைக் கடப்பாரைக் குழியில் ஊன்றி, விளாரை இடைவெளி விட்டுப் பின்னி, அடியில் கல் அடுக்கி, இடுப்பு உயரத்துக்குப் பதினொரு தடுப்புகள் கட்டினோம். நொச்சி வேண்டும் என்று சொன்னவர் படல் பின்னும் அம்மையார். "செத்த குச்சியை நட்டால் மட்கிவிடும், இது துளிர்க்கும் சாமி" என்றார். நான் விளாரை நெருக்கிப் பின்னியபோதெல்லாம் கையைத் தட்டிவிட்டார்: "ஒழுகட்டும் விடு." கூலி வாங்க மறுத்தவருக்கு இரண்டு தார் வாழைக்காய் கொடுத்தேன். அது ஒரு கைம்மாறே இல்லை. அவர் ஊன்றிய கம்புகளில் இன்று ஐவிரல் இலை விரிந்து நிற்கிறது.

ஒப்புதல் வாங்கித் தந்த ஊராட்சித் தலைவருக்கும், வண்டியில் கல் கொண்டுவந்து கொட்டியவர்களுக்கும், சனிக்கிழமைதோறும் வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி. "பீவர் எப்போதுங்க வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்த அந்தச் சின்னப் பெண்ணுக்கு: வராது கண்ணு. அது குளிர்நாட்டுப் பிராணி. அதன் வேலையை நீதான் செய்தாய்.

ஐப்பசி பதினொன்றாம் தேதி இரவு. டார்ச்சோடு கரையில் நின்ற ஏழு பேரும் மறக்க மாட்டோம். தேங்காய் மட்டையும் நுரையுமாகச் செந்தண்ணீர் வந்து முதல் தடுப்பில் மோதியது. அது பிய்ந்து போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் தண்ணீர் ஒரு கணம் தயங்கியது போல இருந்தது. பிறகு இரு பக்கமும் அகன்று, புற்களுக்குள் புகுந்து, ஓசை தணிந்து நகர்ந்தது. விடிந்து எண்ணினால் நான்கு போய், ஏழு நின்றன. பீவரும் இப்படித்தான், உடைந்ததை மறுபடி கட்டிக்கொண்டே இருக்குமாம்.

உடைந்த நான்கையும் வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கட்டுகிறோம். களியும் கீரைக் கடைசலும் என் வீட்டிலிருந்து வரும். போன முறை யாரோ ஒரு கடப்பாரையையும் மூடி இல்லாத ஒரு தூக்குப்போசியையும் எங்கள் மோட்டார் அறையில் விட்டுப் போயிருக்கிறீர்கள். வரும்போது மூடியைக் கொண்டுவந்தால், போசி உங்களுடையதுதான் என்று நம்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பள்ளக்கரைத் தோட்டத்துக்காரன்