கிம்ச்சி டப்பா வந்து சேர்ந்ததா?

மகனே,

டப்பாவைக் கொடுத்துவிட்டதாகக் கூரியர்காரர் செவ்வாய்க்கிழமையே செய்தி அனுப்பிவிட்டார். ககாவோ டாக்கில் என் செய்திக்குப் பக்கத்தில் இருந்த மஞ்சள் 1-உம் அன்று ராத்திரி இரண்டே முக்காலுக்கு மறைந்துவிட்டது. நானும் விழித்துத்தான் இருந்தேன். படித்துவிட்டாய், சரி. சாப்பிட்டாயா?

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. சூசோக் பண்டிகைக்கு அக்கா வருகிறாள்.

விளையாட்டுக் கம்பெனிகள் நிறைந்த உங்கள் பன்க்யோவில் விடிய விடிய விளக்கெரியும் கட்டடங்களைக் கலங்கரை விளக்கம் என்கிறார்களாம், நம் கடைக்கு வரும் பையன் சொன்னான். வாரத்துக்கு 52 மணி நேரம்தான் வேலை என்று 2018-இல் சட்டம் வந்ததே, விளையாட்டை வெளியிடும் முன் இரவு பகலாக வேலை செய்வீர்களே, நீ 'கிரஞ்ச்' என்று சொல்லும் அந்த மாதங்களில் அது எங்கே போகிறது? சரி, கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

நீங்கள் செய்த விளையாட்டைத்தான் அந்தப் பையன் சூப் ஆறும்வரை கைப்பேசியில் ஆடுகிறான். என் மகன் செய்தது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2004-இல் குவாங்கல்லி கடற்கரையில் ஸ்டார்கிராஃப்ட் கணினி விளையாட்டின் இறுதிப்போட்டி பார்க்க அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளை! அம்மாவுக்கு ஒரு வரி எழுத மட்டும் உனக்கு நேரம் இல்லை.

2011 நவம்பரில் அந்த 'ஷட்டவுன்' சட்டம் வந்தபோது என்னைவிடச் சந்தோஷப்பட்ட அம்மா புசானில் இருந்திருக்க மாட்டாள். பதினாறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் விளையாட்டு கிடையாது. கடையை மூடிவிட்டு நான் வீடு வர இரண்டு மணி ஆகும். அதுவரை உனக்கு அரசாங்கம் காவல் இருக்கும் என்று நம்பினேன். கைப்பேசி விளையாட்டுகளை அந்தச் சட்டம் தொடவே இல்லை. கணினியில் பெரியவர் ஒருவரின் குடிமக்கள் பதிவு எண்ணைப் போட்டால் கதவு திறந்துவிடும். 2022 ஜனவரி 1-இலிருந்து சட்டமே இல்லை.

அது யாருடைய எண் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். என் பையிலிருந்து நீ திருடியதாக அப்பாவிடம் சொன்னேன். நீ திருடவில்லை. கூட்டம் நெரிந்த ஒரு சனிக்கிழமை, ராத்திரி பத்து மணி ஆனதும் சின்னப் பிள்ளை என்று பிசி பாங் கணினி விளையாட்டுக் கடையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று வந்து நின்றாய். தெருவில் சுற்றாமல் வீட்டில் இருந்தால் போதும் என்று, வெங்காயத்தாள் நறுக்கிய கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் பதிமூன்று இலக்கத்தையும் நானே சொன்னேன். நீ உள்ளங்கையில் எழுதிக்கொண்டாய். கடைசி இரண்டு இலக்கத்தை மறுபடி கேட்டாய், நான் எரிந்து விழுந்தேன்.

அப்பா கணினி வயரை வெட்டியபோதும், உன்னை அடித்தபோதும், அம்மாதான் கொடுத்தாள் என்று நீ வாய் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ பேசாமல் இருந்தால் எனக்குப் பயம் வருவது அதனால்தான். இப்போது யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்?

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கடை வாசலில் வெகுநேரம் நின்றார். இந்தக் கடிதத்தோடு வரும் கடற்பாசித் தாள் கட்டு, காலையில் அவர் சந்தைக்குப் போய் வாங்கி வந்து அவரே கட்டியது.

கிம்ச்சி மூடியை இறுக்கி வைக்காதே, பொங்கி வழியும். எழுத முடியாவிட்டால் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பு, போதும். சாப்பிடு.

அம்மா