காசு கட்டிக் காவல் இருக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

லண்டனில் அந்தக் காலிக் கட்டடத்தில் தங்குவதற்கு நீ அனுப்பிய ஒப்பந்தத்தை முழுசாகப் படித்துவிட்டேன். "சும்மா ஒருமுறை பார்த்துட்டு ஓகே சொல்லுங்கப்பா" என்று எழுதியிருந்தாய். மதுரை கோர்ட்டில் வீடு காலி செய்யும் வழக்குகளையே காலமெல்லாம் நடத்துகிறவனிடம் ஒரு ஒப்பந்தத்தை அனுப்பிவிட்டு, சும்மா பார் என்றால் எப்படிம்மா? போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் வந்துவிட்டது என்பாய், அதனால் எழுதுகிறேன். போகாதே என்று தடுப்பதற்காக எழுதவில்லை. எதற்குப் போகிறாய் என்று தெரிந்து போ என்பதற்காக.

மூடிக்கிடக்கும் முதியோர் இல்லம், பெரிய அறை, பின்னால் தோட்டம், இப்போது நீ கொடுக்கும் வாடகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். லண்டனில் இந்தக் காசுக்கு வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறாய். கிடைக்காதுதான். ஆனால் ஏன் அவ்வளவு மலிவு? நம் ஊரில் வெளிநாட்டுக்காரர் பங்களாவில் அவுட்ஹவுஸில் ஒரு வாட்ச்மேன் குடும்பம் இருக்குமே, நீ செய்யப்போவது அந்த வேலை. இங்கே வாட்ச்மேனுக்குக் கட்டடச் சொந்தக்காரர் சம்பளம் கொடுப்பார், அங்கே வாட்ச்மேன் மாதாமாதம் பணம் கட்டுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம். 'கார்டியன்' என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு ஹாலந்தில் தொடங்கியது. காலிக் கட்டடத்தில் புகுந்து குடியேறுவது அங்கே 2010 வரை பெரும்பாலும் குற்றமாகவே இல்லை. அப்படி யாரும் புகுந்துவிடக் கூடாது என்று சொந்தக்காரர்களே நாலு பேரைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார்கள். 2000களின் தொடக்கத்தில் இப்படி ஆள் பிடித்து வைத்துக் கொடுக்கும் கம்பெனிகள் இங்கிலாந்துக்கும் வந்துவிட்டன. இங்கிலாந்தில் 2012 செப்டம்பர் முதல் வீடுகளில் அத்துமீறிக் குடியேறினால் ஆறு மாதம் வரை ஜெயில். ஆனால் ஆபீஸ், பள்ளிக்கூடம், பப் போன்ற கட்டடங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, சொந்தக்காரர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ராத்திரி பகலாக செக்யூரிட்டி வைத்தால் செலவு எங்கேயோ போய்விடும். உன்னைப் போல வேலையில் இருக்கிற, ஒழுங்காகப் பணம் கட்டுகிற பத்துப் பேர் உள்ளே இருந்தால் விளக்கு எரியும், குழாய் உடைந்தால் உடனே தெரியும், இன்ஷூரன்ஸ்காரனும் சத்தம் போட மாட்டான்.

வரி விஷயத்திலும் சொந்தக்காரர்களுக்கு ஒரு கண் இருந்தது. பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துப் பக்கம் லட்கேட் ஹவுஸ் என்று ஒரு பெரிய ஆபீஸ் கட்டடம். இடிப்பதற்கு முன்னால் 2015இல் கார்டியன்களை வைத்தார்கள், அப்புறம் இது வீடாகிவிட்டது, வணிகக் கட்டடத்துக்கான சொத்து வரி கட்ட மாட்டோம் என்றார்கள். 2020இல் அப்பீல் கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே தூங்குவது கார்டியன்களாக இருந்தாலும் கட்டடம் சொந்தக்காரர் கையில்தான் இருக்கிறது, அவர்கள் அவருக்காகத்தான் அங்கே இருக்கிறார்கள் என்று தீர்ப்பு. உன் நிலைமையை இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். இது வாடகையும் இல்லை, நம் பக்கத்து ஒத்தியும் இல்லை. லைசென்ஸ், அதாவது வெறும் அனுமதி. அடுத்தவர் இடத்தைப் பயன்படுத்துவது பற்றிய நம் ஊர் ஈஸ்மென்ட் சட்டம் 52ஆம் பிரிவில் இருக்கிற அதே சரக்குதான், வெள்ளைக்காரன் சட்டத்திலிருந்து வந்தது. தலைப்பில் லைசென்ஸ் என்று போட்டுவிட்டால் லைசென்ஸ் ஆகிவிடாது. 1985இல் ஸ்ட்ரீட் - மவுண்ட்ஃபோர்ட் வழக்கில், அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதை அடித்துச் சொல்லியிருக்கிறது. ஒரு இடத்தை உனக்கென்று தனியாக, இவ்வளவு காலத்துக்கு, இவ்வளவு பணத்துக்கு என்று விட்டிருந்தால் அது வாடகைக் குடித்தனம்தான், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஐந்து பல் வைத்து மண் கிளறும் முள்கரண்டி ஒன்றைச் செய்துவிட்டு, நான் செய்தது மண்வெட்டி என்று சாதித்தால் அது மண்வெட்டி ஆகிவிடுமா என்று கேட்டார் அந்த வழக்கின் நீதிபதி டெம்பிள்மன் பிரபு. சட்டக் கல்லூரியில் படித்ததிலிருந்து அந்த வரி எனக்கு மறக்கவில்லை.

2017இல் பிரிஸ்டலில் ஒரு கார்டியன் இதை வைத்தே ஜெயித்தார். அதுவும் மூடிய முதியோர் இல்லம்தான். தன் அறைகளுக்குத் தனிச் சாவி, வேறு யாருக்கும் அங்கே வேலையில்லை, அதனால் அவர் குடியிருப்பவர்தான் என்றார் கவுண்டி கோர்ட் நீதிபதி. அதைப் படித்துவிட்டு நீயும் தெம்பாக இருந்துவிடாதே. கீழ்க்கோர்ட் தீர்ப்பு, மற்ற நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது. உன் ஒப்பந்தத்தை எழுதியவர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் உன்னை வேறு அறைக்கு மாற்றலாம், முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே வந்து பார்க்கலாம், அறைக்குச் சொந்தப் பூட்டுப் போடக் கூடாது என்று மூன்று வரி போட்டிருக்கிறார்களே, அந்தக் கேஸ் மறுபடி வரக் கூடாது என்பதற்குத்தான் அதெல்லாம்.

ஆனால் ஒரு இடத்தில் அவர்கள் எழுதியது செல்லாது. இரண்டு வாரத்தில் காலி செய்ய வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். 1977ஆம் வருஷத்து வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படி உன்னைப் போன்றவர்களுக்குக் குறைந்தது நான்கு வாரம், அதுவும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அது முடிந்த பிறகும் நீ போகவில்லை என்றால் கோர்ட் உத்தரவு வாங்காமல் உன் பெட்டியைத் தூக்கி வெளியே வைக்க முடியாது. இதைக் காட்டி அங்கேயே உட்கார்ந்துகொள் என்று சொல்லவில்லை. யாராவது வந்து மிரட்டினால் கை நடுங்காமல் இருக்க வேண்டும், அதற்காக.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் எனக்கு உறுத்தல். சாதாரண வாடகை என்றால் அட்வான்ஸை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டாக வேண்டும். லைசென்ஸுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, அவர்கள் கணக்கிலேயே கிடக்கும். கம்பெனி மூழ்கினால் உன் பணமும் மூழ்கும். ஒரு ஆறுதல், 2019இல் வந்த வாடகைக் கட்டணச் சட்டம் லைசென்ஸுக்கும் பொருந்தும். ஐந்து வாரப் பணத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, இஷ்டத்துக்குத் தனிக் கட்டணம் போடவும் கூடாது. தீயணைப்பு கிட் என்று ஒரு தொகை, விண்ணப்பச் செலவு என்று ஒரு தொகை கேட்டிருக்கிறார்களே, எந்தச் சட்டப்படி என்று மரியாதையாக ஒரு மெயில் போட்டுக் கேள்.

தீ என்றதும் ஞாபகம் வருகிறது. நீ அனுப்பிய போட்டோக்களை அம்மா டிவியில் போட்டுப் பார்த்தாள். குளியலறைச் சுவரில் சிவப்புக் கயிறு ஒன்று தொங்குகிறதே, அந்தக் காலத்தில் தாத்தா பாட்டிகள் விழுந்துவிட்டால் இழுத்து ஆள் கூப்பிட வைத்தது, அதைப் பார்த்துத்தான் அவளுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் பார்த்தது வேறு. வாசல் நடையில் ஃபயர் அலாரம் பேனல் இருக்கிறது, நீ செல்ஃபி எடுத்த படத்தில் உன் தோளுக்குப் பின்னால். அதில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பெரிதாக்கிப் பார். மஞ்சள் எரிந்தால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். கரண்டுக்காரனை விட்டுப் பார்த்தார்களா, கடைசியாக எப்போது சோதித்தார்கள், அந்தப் பதிவேட்டைக் காட்டுவார்களா? காட்ட மாட்டேன் என்றால் அந்த வீடு வேண்டாம்.

இன்னொன்று, கவுன்சிலில், அதாவது அங்கத்திய மாநகராட்சியில் விசாரி. தனித்தனி ஆட்கள் பலர் சேர்ந்து ஒரே சமையலறையைப் பயன்படுத்தும் வீட்டுக்குக் கவுன்சில் உரிமம் வேண்டும். கார்டியன்கள் வாடகைதாரர்கள் இல்லை, காவலுக்கு இருக்கிறார்கள், எங்களுக்கு அது தேவையில்லை என்று ஒரு கம்பெனி ஹவுன்ஸ்லோ கவுன்சிலோடு மல்லுக்கட்டியது. 2022இல் அப்பீல் கோர்ட், அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள், அதனால் உரிமம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. உரிமம் இல்லாமல் நடத்தினால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு நீ தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இரண்டு இரவுக்கு மேல் வெளியே தங்கினால் முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வர அவர்களிடம் லீவு லெட்டர் கொடுக்கப் போகிறாய். பத்திரிகைக்காரர்களிடம் பேசக் கூடாது என்று வேறு ஒரு வரி. குடியிருப்பவளுக்கு எதற்கு அந்த நிபந்தனை என்று நானும் யோசித்துப் பார்த்தேன், நல்ல காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

கிழக்கு லண்டனில் பால்ஃப்ரன் டவர் என்று ஒரு உயரமான குடியிருப்பு. குறைந்த வாடகையில் இருந்தவர்களை மராமத்து என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள், இடைக்காலத்தில் கார்டியன்களையும் கலைஞர்களையும் வைத்தார்கள், கடைசியில் வீடுகளைத் தனியாருக்கு விற்பனைக்கு விட்டார்கள். இதில் இடையில் தங்கியவர்கள் மேல் தப்பில்லை. இருந்தாலும் நீ போகிற இடத்தில் முன்னால் யார் இருந்தார்கள், அடுத்து அங்கே என்ன, எப்போது வரப்போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். அந்தத் தேதியை வைத்துத்தான் உன் நாட்களும்.

போவதாக இருந்தால் கட்டில், அலமாரி என்று எதுவும் வாங்காதே. மிச்சமாகும் பணத்தில் முதலில் ஒரு சாதாரண அறைக்கான அட்வான்ஸையும் ஒரு மாத வாடகையையும் தனியாக எடுத்து வை, அதைத் தொடாதே. காலி செய்யச் சொல்லிக் கடுதாசி வந்த நாளில் அதுதான் கை கொடுக்கும். அலாரம், கவுன்சில் உரிமம், அந்த இரண்டு கட்டணம், இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வரட்டும். வந்ததும் எனக்கு அனுப்பு, அதுவரை கையெழுத்துப் போடாதே.

அப்புறம், விருந்தாளிகள் இரவு தங்கக் கூடாது என்று 11ஆம் பத்தியில் இருக்கிறது. நானும் அம்மாவும் ஜூனில் வருகிறோம் இல்லையா, உன் அறையிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று அவள் முறுக்குச் சுடுவது வரை திட்டம் போட்டுவிட்டாள். பக்கத்தில் சமையல் செய்துகொள்கிற மாதிரி ஒரு இடம் வாடகைக்குக் கிடைக்குமா என்று பார்த்துச் சொல். ஹோட்டல் வேண்டாம் என்கிறாள்.

அப்பா